சொல் பழகும் பறவைகள்: குமரி மாவட்டத்தில் அவற்றைக் கேட்டறியும் முறை

மனிதக் குரலைத் திருப்பிச் சொல்லும் ஆற்றல் பெற்ற பறவைகளுள் பச்சைக்கிளி, நாகணவாய் என்னும் மைனா, மலை மைனா ஆகிய மூன்றும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் காட்டுயிர்களாகவே வாழ்கின்றன. பிற பறவைகளின் குரலை எடுத்து ஒலிக்கும் கரிச்சான், பச்சைச்சிட்டு, கீச்சான் முதலியவற்றையும் இவற்றோடு சேர்த்தால், ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து கொல்லங்கோடு வரை நீளும் இச்சிறு நிலப்பகுதியில் இத்தகைய பறவை ஒன்றேனும் இல்லாத ஊர் அரிது. இவற்றை எங்கே, எப்போது, எவ்வாறு கேட்டறிவது என்பதை விளக்குவது இவ்வத்தியாயத்தின் நோக்கம். ஓர் உயிர் வேறோர் உயிரின் குரலையோ சூழலில் கேட்ட ஓசையையோ தானும் எழுப்புவது இங்கு ஒலிப்போலி என்று குறிக்கப்படுகிறது.

தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். காட்டில் தன் கூட்டத்தோடு வாழும் கிளியோ மலை மைனாவோ இயல்பாக மனிதச் சொல்லைச் சொல்வதில்லை. அவற்றின் கற்கும் திறன் தம் இனத்தாரோடு உறவாடுவதற்கென அமைந்தது. அந்த உறவு அறுக்கப்பட்டு, மனிதர் மட்டுமே துணையாக எஞ்சும்போது அத்திறன் மனிதச் சொல்லின் பக்கம் திரும்புகிறது. ஆகவே பேசும் பறவையைத் தேடிச் செல்பவர், அது தன் இனத்தோடு எவ்வாறு பேசுகிறது என்பதைக் கேட்கப் பழகினால், கூண்டுக்கு வெளியே அதைவிடப் பெரிய வியப்பைக் காண்பார்.

ஒலி பிறக்கும் இடம்

மனிதரின் குரல், மூச்சுக்குழலின் மேல்முனையில் உள்ள குரல்வளையில் பிறந்து, தொண்டை, நாக்கு, உதடு ஆகியவற்றால் எழுத்தொலியாக வடிவம் பெறுகிறது. பறவையின் ஒலியுறுப்பு மூச்சுக்குழலின் அடிமுனையில், அது நுரையீரல்களை நோக்கி இரண்டாகப் பிரியும் இடத்தில் அமைந்துள்ளது. ‘சிரிங்ஸ்’ எனப்படும் இவ்வுறுப்பை அடிக்குரல்வளை எனலாம். பாடும் பறவைகளில் இதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியே இயங்க வல்லவை என்பதால், ஒரே பறவை ஒரே நேரத்தில் இரு வேறு சுரங்களை எழுப்ப முடிகிறது. மைனாவும் கரிச்சானும் பாடும் பறவை வகையைச் சேர்ந்தவை. கிளி அவ்வகையைச் சேர்ந்ததன்று. அது தன் தடித்த நாக்கை அசைத்து, அடிக்குரல்வளையிலிருந்து வரும் ஒலியை வாய்க்குள் மாற்றியமைக்கிறது என்பது தென்னமெரிக்கக் கிளியினம் ஒன்றில் செய்யப்பட்டு 2004-ல் வெளியான ஆய்வால் உறுதிப்பட்டது. உதடே இல்லாத ஓர் உயிர், ப, ம போன்ற இதழொலிகளையும் காது ஏற்கும்படி உண்டாக்குவது இத்தகைய மாற்றமைப்பின் விளைவாகும்.

ஒலியுறுப்பு மட்டும் போதாது. கேட்டதை நினைவில் இருத்தி, தன் குரலை அதனோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் மூளையும் வேண்டும். பறவைகளுள் கிளிகள், பாடும் பறவைகள், அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் ஓசனிச்சிட்டுகள் ஆகிய மூன்று பிரிவினரிடமே இத்தகைய குரற்கல்வி தெளிவாக அறியப்பட்டுள்ளது. எஞ்சிய பெரும்பாலான பறவைகள் பிறவியிலேயே தம் குரலைக் கொண்டு வருகின்றன. குயில் இதற்கு எளிய சான்று: காக்கையின் கூட்டில் பொரிந்து, காக்கையின் கரைதலையே கேட்டு, காக்கை ஊட்டிய இரையை உண்டு வளர்ந்தாலும், பருவம் வந்ததும் அது குயிலாகவே கூவுகிறது. அதே மரத்தில் வளரும் மைனாக் குஞ்சு தன் குரலின் பெரும்பகுதியைச் சுற்றத்தாரிடம் கேட்டுப் பழகுகிறது. ஒரு பறவையின் குரலைக் குறித்துக்கொள்ளும்போது அது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று அறிந்திருந்தால், இடத்துக்கு இடம் அக்குரல் மாறுவதை எதிர்பார்க்கலாமா கூடாதா என்பதும் விளங்கிவிடும்.

கற்பது யாரிடம்

மலை மைனா காட்டில் பிற பறவைகளின் குரலை எடுத்து ஒலிக்கிறது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பிரையன் பெர்ட்ராம் என்னும் ஆய்வாளர் இந்திய மலை மைனாக்களைக் காட்டிலேயே கவனித்து 1970-ல் வெளியிட்ட ஆய்வு அந்நம்பிக்கையைத் திருத்தியது. ஒவ்வொரு மைனாவிடமும் சில வகைக் கூவல்கள் உள்ளன. அவற்றை அது இளமையில் அண்டை மைனாக்களிடமிருந்து, பெரும்பாலும் ஆண் ஆணிடமிருந்தும் பெண் பெண்ணிடமிருந்தும், கற்றுக்கொள்கிறது. அருகருகே வாழ்பவை சில கூவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. தொலைவு கூடக்கூடப் பொதுக் கூவல்கள் குறைந்து, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றுகூடப் பொதுவாக இல்லாமற் போகிறது. தோவாளைத் தமிழும் விளவங்கோட்டுத் தமிழும் வேறுபடுவதுபோல, மலை மைனாவுக்கும் வட்டார வழக்கு உண்டு என்பது இதன் பொருள்.

கிளிகளிலும் இதற்கு ஒப்பான செய்திகள் கிடைத்துள்ளன. வெனிசுவேலாவில் வாழும் சிறு கிளியினம் ஒன்றில், ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்த அழைப்பொலி இருப்பதும், அதன் அடிப்படையைக் குஞ்சு தன்னை வளர்க்கும் கிளிகளிடமிருந்து பெறுவதும் 2011-ல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டன. கூட்டமாகப் பறந்து, கூட்டமாக மேய்ந்து, கூட்டமாக உறங்கும் பறவைக்கு, இலைமறைவில் இருக்கும் தன் துணையைக் குரலால் அடையாளம் காண்பது வாழ்க்கைத் தேவை. குஞ்சுப் பருவத்தில் கூட்டிலிருந்து எடுத்து வரப்பட்ட கிளி, தன்னைச் சுற்றியுள்ள மனிதரையே கூட்டமாகக் கொண்டு, அவர்கள் அடிக்கடி சொல்லும் பெயரையும் அழைப்பையும் திருப்பிச் சொல்வது இத்தேவையின் திசைமாறிய வடிவமே.

பறவை தான் சொல்வதன் பொருளை அறியுமா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1977 முதல் பயிற்றுவித்த, 2007-ல் இறந்த ‘அலெக்ஸ்’ என்னும் ஆப்பிரிக்கச் சாம்பற் கிளி, பொருள்களின் நிறத்தையும் வடிவத்தையும் சொல்லால் குறிப்பிட்டது. சிறு எண்ணிக்கைகளையும் சரியாகச் சொன்னது. ஆனால் அது பல ஆண்டுகள் இடைவிடாது அளிக்கப்பட்ட பயிற்சியின் பயன். வீட்டுக் கூண்டில் வளரும் கிளி, இன்ன சூழலில் இன்ன ஒலியை எழுப்பினால் கவனிப்போ உணவோ கிடைக்கும் என்ற தொடர்பை அறிகிறது என்ற அளவில் நிற்பது பொருத்தம்.

வெளியே பறக்கும் பறவை மனிதச் சொல்லைச் சொல்வது எப்போதேனும் நிகழ்கிறது. 2011 வாக்கில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், காட்டுக் கொண்டைக்கிளிகள் மரத்திலிருந்து மனிதச் சொற்களைச் சொல்வதாக மக்கள் அங்குள்ள அருங்காட்சியகத்துக்குத் தெரிவித்தனர். கூண்டிலிருந்து தப்பிய கிளிகள் காட்டுக் கூட்டத்தில் சேர்ந்து, அவற்றின் சொற்களை மற்றவை கற்றிருக்கும் என்று அறிஞர்கள் விளக்கினர். குமரி மாவட்டத்தில் தோப்பிலோ கோயில் கோபுரத்திலோ உள்ள ஒரு கிளி மனிதப் பெயரைச் சொல்லக் கேட்டால், அதுவும் வீட்டுக் கூண்டிலிருந்து தப்பியதாகவோ விடுவிக்கப்பட்டதாகவோ இருக்கவே வாய்ப்பு மிகுதி. மனிதரை அஞ்சாமல் தாழ இறங்கி வருதல், வெட்டப்பட்ட இறகு, காலில் வளையம் அல்லது அதன் தழும்பு ஆகியவை அதற்குரிய அடையாளங்கள்.

வழக்கும் இலக்கியமும்

கிள்ளை என்று கிளியும் பூவை என்று நாகணவாயும் பழந்தமிழில் பெயர் பெற்றிருந்தன. குறிஞ்சித் திணைப் பாடல்களில் தினைப்புனத்தில் கிளி ஓட்டும் பெண்கள் வருகின்றனர். பிற்காலச் சிற்றிலக்கியங்களில் கிளி தூதாகச் செல்கிறது. மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் கையிலும் அது அமர்ந்திருக்கிறது. முதலில் திருவிதாங்கூருடனும் பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துடனும் இணைந்திருந்த இம்மாவட்டத்தில், மலையாளம் பேசும் இல்லங்களில் கர்க்கடக மாதத்தில் படிக்கப்படும் எழுத்தச்சனின் அத்யாத்ம இராமாயணம் ‘கிளிப்பாட்டு’ என்னும் வகையைச் சேர்ந்தது. அதில் கதை சொல்வது கிளியே. இத்தகைய மதிப்பு, பறவையை வீட்டில் வைத்துக்கொள்ளும் விருப்பத்தையும் கிளி சோதிடத்தையும் உடன் வளர்த்தது என்பதையும் மறப்பதற்கில்லை.

குமரி மாவட்டத்தில் கேட்கத்தக்க பறவைகள்

பச்சைக்கிளி: இதற்குச் செந்தார்ப் பைங்கிளி என்ற பெயரும் உண்டு. நீண்ட வாலோடு சேர்த்து ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமுள்ளது. வளர்ந்த ஆணின் கழுத்தில் கருப்பும் இளஞ்சிவப்பும் கலந்த ஆரம் உண்டு; பெண்ணுக்கும் இளம்பறவைக்கும் அது இல்லை. பறக்கும்போது எழும் ‘கீ... கீ...’ என்னும் கூர்மையான கத்தலே அதன் பொதுக்குரல். உச்சி முறிந்து நிற்கும் பட்டுப்போன பனை, தென்னை மரங்களின் பொந்துகளில் அது முட்டையிடுகிறது. கன்னிப்பூ என்னும் நெற்போகத்தின் அறுவடை நெருங்கும் ஆவணி, புரட்டாசியிலும் கும்பப்பூ என்னும் அடுத்த போகம் விளையும் தை, மாசியிலும் கதிர் முற்றிய ஏலாக்களில், அதாவது தொடர்ந்து பரந்த நெல்வயல்களில், கூட்டமாக இறங்குகிறது. பொந்தின் வாயில் இணைகள் மிக மெல்லிய குரலில் மாறி மாறி எழுப்பும் முணுமுணுப்பைக் கேட்பவர்க்கு, அதன் குரல்வளம் கத்தலோடு முடிவதில்லை என்பது புலனாகும்.

மலைக்கிளிகள்: அடிவாரத்தில் ஆணின் தலை செம்மை கலந்த ஊதாவாகவும் வால் நுனி வெண்மையாகவும் உள்ள செந்தலைக் கிளியும், மழைக்காட்டின் ஓரத்தில் உடல் நீலச் சாம்பலாகவும் வால் நுனி மஞ்சளாகவும் உள்ள நீலச்சிறகுக் கிளியும் வாழ்கின்றன. பின்னது மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். இவற்றின் குரல் பச்சைக்கிளியின் கத்தலைவிட இனிமையானது என்பதால், உருவம் தெரியாத உயரத்தில் பறந்தாலும் குரலால் பிரித்தறியலாம்.

நாகணவாய்: தெருவிலும் வயலிலும் நடந்து மேயும் பழுப்பு மைனா இதுவே. கண்ணைச் சுற்றிய மஞ்சள் தோலும், பறக்கும்போது சிறகில் தெரியும் வெள்ளைத் திட்டும் இதன் அடையாளங்கள். சீழ்க்கை, கரகரப்பு, கிளுகிளுப்பு ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு தொகுதிக்கும் தலையைத் தாழ்த்தி இறகைச் சிலிர்த்துக்கொள்ளும். அந்தி நேரத்தில் பேருந்து நிலையங்களை அடுத்த அரசு, ஆல் முதலிய மரங்களில் கூட்டமாக அடையும்போது எழும் இரைச்சல், பழகாத காதுக்கு ஒரே ஒலியாகத் தோன்றினாலும், ஒரு பறவையை மட்டும் பார்த்துக்கொண்டே கேட்டால் தொகுதி தொகுதியாகப் பிரியும்.

மலை மைனா: பேசும் பறவைகளில் பெரும்புகழ் பெற்றது இவ்வினம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழ்வதைத் தென்னக மலை மைனா என்று தனி இனமாக இன்றைய பறவையியலார் பலர் பிரிக்கின்றனர். பளபளக்கும் கருமேனி, செம்மஞ்சள் அலகு, மஞ்சள் கால், கண்ணின் கீழும் பிடரியிலும் தொங்கும் மஞ்சள் தோல்மடல் ஆகியவற்றைக் கொண்டது. தென்னக இனத்தில் கண்ணருகே உள்ள மடலும் பிடரி மடலும் ஒன்றோடொன்று இணையாமல் விலகி நிற்கும். அத்திவகை மரங்கள் பழுக்கும் காலத்தில் உச்சிக் கிளைகளில் இணையாகவோ சிறு கூட்டமாகவோ அமர்ந்து, நெடுந்தொலைவு கேட்கும் கணீரென்ற சீழ்க்கையை எழுப்பும். தரையில் இறங்குவது அரிது என்பதால், தலையை அண்ணாந்து நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

துடுப்புவால் கரிச்சான்: மாவட்டத்தின் ஒலிப்போலிப் பறவைகளில் முதலிடம் இதற்கே உரியது, மலையாளத்தில் காடுமுழக்கி என்று பெயர். நெற்றியில் கொண்டை, வாலின் இருபுறமும் நீண்ட கம்பி, கம்பியின் நுனியில் திருகிய இறகுத் துடுப்பு ஆகியவற்றால் எளிதில் அறியலாம். இலங்கையின் சிங்கராஜ வனத்தில் எபென் குட்டேல், சரத் கோட்டகம என்னும் ஆய்வாளர்கள் கலப்பு வேட்டைக் கூட்டங்களை ஆராய்ந்தனர். பல இனப் பறவைகள் ஒன்றுசேர்ந்து மரம் மரமாக நகர்ந்து பூச்சி தேடுவதே கலப்பு வேட்டைக் கூட்டம் எனப்படுகிறது. அங்குள்ள கரிச்சான்கள் பிற இனங்களின் குரலை எழுப்பி அவற்றைக் கூட்டத்தின்பால் ஈர்ப்பதையும், ஆபத்து நேரும்போது பிற இனங்களின் எச்சரிக்கைக் குரலையும் வேட்டைப் பறவைகளின் குரலையும் இடமறிந்து பயன்படுத்துவதையும் 2006-ல் வெளியான அவர்களின் கட்டுரைகள் எடுத்துக்காட்டின. ஆப்பிரிக்காவின் கலகாரி வறள்நிலத்தில் வாழும் பிளவுவால் கரிச்சான் ஒருபடி மேலே சென்று, பொய்யான எச்சரிக்கைக் குரலால் பிற உயிர்களை விரட்டி அவை விட்டுச்சென்ற இரையைக் கைப்பற்றுகிறது என்பது 2014-ல் வெளியான ஆய்வின் முடிவு.

வயற்கரிச்சான்: மின்கம்பியிலும் மேயும் மாட்டின் முதுகிலும் அமரும் இரட்டைவால் குருவியும் இவ்வித்தையில் பின்தங்கியதன்று, வல்லூறின் குரலை எழுப்பி மைனாக்களைக் கலைத்து இரையைப் பறித்துக்கொள்வது பதிவாகியுள்ளது. ஏலாவில் வல்லூறின் குரல் கேட்டு, வானத்தில் வல்லூறு இல்லாதிருந்தால், அருகிலுள்ள கம்பியை நோக்குவது நன்று.

பச்சைச்சிட்டும் கீச்சானும்: இலையின் நிறத்திலேயே இருந்து இலைக்குள் மறையும் பொன்னெற்றிப் பச்சைச்சிட்டு, கரிச்சான், கொண்டைக்குருவி, வல்லூறு முதலிய பல குரல்களை அடுத்தடுத்து எழுப்புவதால், ஒரே மரத்தில் பல பறவைகள் இருப்பதாகக் கேட்பவர் மயங்க நேரும். முட்புதர் நுனியில் தனித்து அமரும் செம்முதுகுக் கீச்சான் தன் இயல்பான கரகரப்புக்கு இடையே மெல்லிய குரலில் பிற பறவைகளை ஒலித்துக்காட்டும். அருகில் சென்றாலொழிய அது காதில் விழாது.

பேசுவதுபோல் தோன்றும் குரல்கள்

ஒலிப்போலி செய்யாத பறவைகளின் பிறவிக் குரலிலும் மனிதச் சொல்லை மக்கள் கேட்பதுண்டு. இரவில் வயலில் ஆள் நடமாட்டம் கண்டு கூவும் ஆட்காட்டியின் குரலை ஆங்கிலேயர் ஒரு கேள்வியாகக் கேட்டனர். அக்காக்குயிலின் ஏறிச்செல்லும் குரலுக்கு ஒவ்வொரு மொழியினரும் ஒவ்வொரு சொல்லைப் பொருத்தினர். மலையோடைகளின் அருகே வாழும் சீகாரப் பூங்குருவி, வழிநடக்கும் சிறுவன் நினைத்த மெட்டில் சீழ்க்கை அடிப்பதுபோலப் பாடுவதால், புதிதாக வருபவர் மனிதர் எவரோ வருவதாகத் திரும்பிப் பார்ப்பர். இவற்றை ஒலிப்போலியாகக் குறிப்பேட்டில் எழுதுதல் பிழை. ஒரு குரலைப் போலி என்று துணிய இரண்டு நிபந்தனைகள் உள்ளன: குரலுக்குரிய இனம் அருகில் இல்லை என்பது உறுதியாக வேண்டும், ஒலிக்கும் பறவையின் அலகும் தொண்டையும் அக்குரலோடு இசைந்து அசைவதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும்.

எங்கே, எப்போது

குளமும் ஏலாவும்: நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையை ஒட்டியுள்ள சுசீந்திரம் குளமும், கவிமணி பிறந்த தேரூரின் குளமும் சேர்ந்த ஈரநிலத் தொகுப்பு, வேம்பனூர் ஈரநிலத் தொகுப்போடு 2022-ல் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. நீர்ப்பறவைகளுக்குப் புகழ்பெற்ற இவ்விடங்களில் கரையோரத் தென்னைகளும் வயல்களும் கிளி, நாகணவாய், வயற்கரிச்சான் ஆகியவற்றைக் கேட்பதற்கு ஏற்றவை. பழையாறு கடலோடு கலக்கும் மணக்குடியிலும் அதனை அடுத்த புத்தளம் உப்பளங்களிலும் கரைப்பறவைகளைக் காணலாம். வலசைப் பறவைகளையும் சேர்த்துக் காண ஐப்பசி முதல் மாசி வரை உகந்த காலம்.

விளையும் கோட்டையும்: தென்னை, பலா, மா, புளி கலந்த விளைகள் பச்சைச்சிட்டுக்கும் மைனாவுக்கும் இருப்பிடங்கள். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா அமைந்துள்ளது. முதிர்ந்த மரங்களும் நடைபாதையும் இருப்பதால், குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்வோர் இங்கிருந்தே தொடங்கலாம். ஒரே மரம் வரிசையாக நிற்கும் ரப்பர் தோட்டங்களில் பொந்தும் பழமும் குறைவு என்பதால், தோட்டத்தின் நடுவைவிட அது காட்டையோ ஓடையையோ தொடும் விளிம்பில் நிற்பது பயன் தரும்.

மலையடிவாரமும் காடும்: 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர்த்தேக்கக் கரை, பெருஞ்சாணி, கீரிப்பாறை, காளிகேசம் ஆகியவை துடுப்புவால் கரிச்சானையும் மலைக்கிளிகளையும் கேட்கத்தக்க இடங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் மலை மைனாவும் கேட்கும். மாவட்டத்தின் காடுகளில் ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர் பரப்பு கன்னியாகுமரி வனவுயிர்ச் சரணாலயமாக உள்ளது. சாலையை விட்டு உள்ளே செல்ல வனத்துறையின் அனுமதி கட்டாயம். யானை நடமாட்டமும் மழைக்காலக் காட்டாற்று வெள்ளமும் உள்ள பகுதி என்பதால், வனக்காவலரின் சொல்லை மீறுதல் உயிருக்கே ஆபத்தாக முடியும். காணி மக்கள் வாழும் குடியிருப்புகளின் வழியே செல்வோர் அவர்களின் ஒப்புதலோடு செல்வது முறை.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் மாவட்டம் என்பதால் மழையற்ற மாதங்கள் குறைவு. மார்கழி இறுதியிலிருந்து பங்குனி வரை வானம் தெளிந்திருப்பதோடு, கிளி முதலியவை இணைசேரும் காலமும் அதுவே ஆதலால் குரல்கள் மிகுந்திருக்கும். நாளின் அளவில், விடியலிலிருந்து 8.30 மணி வரையும் மாலை 4.30 மணிக்குப் பின்னும் சிறந்தவை. கணவாய்க் காற்று வீசும் ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் காற்று எழும்பும் முன்பே கேட்டு முடிப்பது நல்லது.

கேட்கும் முறையும் கருவிகளும்

பறவை நோக்கலுக்கு எட்டு மடங்கு பெருக்கமும் 40 அல்லது 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையும் கொண்ட இருகண் நோக்கி போதுமானது. ஒலிக்கெனத் தனிக் கருவி வாங்குவதற்கு முன், கைப்பேசியின் ஒலிப்பதிவு வசதியைப் பழகிக்கொள்ளலாம். கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாக வழங்கும் ‘மெர்லின்’ செயலி குரலைக் கேட்டு இனத்தை ஊகித்துச் சொல்லும். ஆயினும் ஒலிப்போலிப் பறவைகளைப் பொறுத்தவரை செயலியும் ஏமாறக்கூடும். கரிச்சான் எழுப்பிய வல்லூறுக் குரலை அது வல்லூறு என்றே காட்டலாம் என்பதால், கண்ணால் உறுதிசெய்யாத எதையும் பட்டியலில் சேர்க்கலாகாது.

பயிற்சியைக் கீழ்வரும் ஒழுங்கில் மேற்கொள்வது எளிது.

1. வீட்டைச் சுற்றியுள்ள காக்கை, நாகணவாய், செம்போத்து, கொண்டைக்குருவி, குக்குறுவான், வல்லூறு முதலியவற்றின் இயல்புக் குரல்களை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுதல் வேண்டும். அசலை அறியாதவருக்குப் போலி விளங்காது.

2. ஓரிடத்தில் அசையாமல் நின்று கண்ணை மூடி, குரல் வரும் திசைகளையும் தொலைவையும் குறித்துக்கொண்டு, அதன் பின்னரே நோக்கியை எடுக்க வேண்டும்.

3. ஒரே திசையிலிருந்து, ஒரே உயரத்திலிருந்து, இடைவெளியின்றிப் பல இனக் குரல்கள் வந்தால், அங்கு ஒலிப்போலிப் பறவை இருப்பதாக ஐயுற்றுத் தேட வேண்டும்.

4. பறவையைக் கண்டபின், ஒலித்த குரல்களின் வரிசை, அப்போது அது செய்த செயல், சுற்றிலும் இருந்த பிற உயிர்கள் ஆகியவற்றை உடனே எழுத வேண்டும்.

குறிப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி: ‘நீர்த்தேக்கக் கரை, காலை 6.50, வானம் தெளிவு. துடுப்புவால் கரிச்சான் 1, பட்ட மரத்தின் நடுக்கிளை. குரல் வரிசை: தன் குரல், வல்லூறு, சிலம்பன், மீண்டும் வல்லூறு. இரண்டாம் வல்லூறுக் குரலில் கீழே மேய்ந்த சிலம்பன்கள் புதருக்குள் சென்றன. கரிச்சான் தரைக்கு இறங்கிப் பூச்சி எடுத்தது. வானில் வல்லூறு இல்லை.’ இவ்வளவு எழுதப்பட்டால், குரல் எதற்காக எழுப்பப்பட்டது என்பதைப் பின்னர் ஆராய்வதற்கு வழி பிறக்கும். ‘கரிச்சான், பல குரல்’ என்று மட்டும் எழுதிய குறிப்பு எதற்கும் உதவாது.

இத்தகைய நோக்கலின் இன்பம் படிப்படியாக வளர்வது. முதலில் நிறமும் உருவமும் கவர்கின்றன. பிறகு பார்க்காமலே பெயர் சொல்ல முடிகிறது. அதற்கும் அடுத்த நிலையில், தினமும் கேட்கும் விளையின் ஓசையில் ஒரு குரல் புதிதாகச் சேர்ந்ததும் ஒன்று நின்றுபோனதும் தாமாகவே காதில் படுகின்றன. செலவு மிகுந்த பயணமோ பட்டப்படிப்போ இதற்குத் தேவையில்லை. வயதும் கண்பார்வைக் குறையும்கூடத் தடையாவதில்லை. ஆண்டுதோறும் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் எவரும் தம் வீட்டு முற்றத்திலிருந்தே 15 நிமிடம் கணக்கெடுத்து, ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிவு செய்து பங்கேற்கலாம்.

சட்டமும் ஒழுக்கமும்

இந்தியக் காட்டுயிர் (பாதுகாப்பு) சட்டம், 1972 இந்நாட்டுக் கிளிகளுக்கும் மலை மைனாவுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைகளிலும் அப்பாதுகாப்பு தொடர்கிறது. ஆகவே பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். அன்போடு வளர்க்கப்படுகிறது என்பது விலக்குக்குரிய காரணமாகாது. அயல்நாட்டுக் கிளிகளுள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தல் வேண்டும். பேசும் பறவைக்கான விருப்பமே குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுக்கும் தொழிலுக்கு உயிர் கொடுக்கிறது. குஞ்சு எடுப்பதற்காகப் பொந்து உடைக்கப்படும்போது, அடுத்த ஆண்டுக்கான கூடும் அழிகிறது.

மனிதச் சொல் சொல்லும் கிளி வெளியில் காணப்பட்டால், அதைப் பிடிக்க முயலாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்து, இயன்றால் ஒலியைப் பதிந்து, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்துக்கோ அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கோ தெரிவிப்பது முறை. நெடுங்காலம் கூண்டில் இருந்த பறவையை உரியவர் தாமே திறந்துவிடுவதும் நன்மை பயக்காது. இரை தேடவும் வேட்டைப் பறவையை அஞ்சவும் பழகாத அது சில நாள்களில் மடியக்கூடும் என்பதால், அதையும் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

பதிந்த குரலை ஒலிபெருக்கியில் ஒலித்துப் பறவையை வரவழைப்பது, குறிப்பாக இனப்பெருக்கக் காலத்தில், அறவே தவிர்க்க வேண்டிய செயல். எல்லைக்குள் எதிரி புகுந்ததாகக் கருதும் பறவை, அடைகாப்பதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் விட்டு வெளியே வந்து தன் ஆற்றலை வீணாக்குகிறது. கூட்டின் அருகே நெருங்குதலும் கூட்டின் இருப்பிடத்தைப் படத்தோடு பொதுவெளியில் அறிவித்தலும் இதே வகைத் தீங்குகளே.

தொடர்ந்து செய்யத்தக்க இரண்டு பணிகள்

அடிப்படைப் பயிற்சி பெற்றவர் இம்மாவட்டத்திலேயே பயனுள்ள ஆய்வைத் தொடங்கலாம். முதலாவது, மலை மைனாவின் வட்டார வழக்கை ஒப்பிடுதல்: கீரிப்பாறைப் பக்கத்திலும் பேச்சிப்பாறைப் பக்கத்திலும் ஒரே பருவத்தில் கேட்ட கூவல்களைப் பதிந்து, தேதியும் இடமும் சேர்த்து வைத்து, எவை பொதுவானவை என்று பிரித்துப் பார்க்கலாம். இரண்டாவது, ஒரு துடுப்புவால் கரிச்சான் ஓராண்டில் எழுப்பும் பிற இனக் குரல்களைப் பட்டியலிட்டு, அதே இடத்தில் கண்ணால் கண்ட பறவைகளின் பட்டியலோடு பொருத்திப் பார்த்தல். கரிச்சானின் பட்டியலில் இருந்து நோக்குபவரின் பட்டியலில் இல்லாத பறவை ஒன்று கிடைத்தால், அது அங்கு வந்துபோவதை நோக்குபவர் தவறவிட்டாரா, அல்லது கரிச்சான் அக்குரலை வேறிடத்திலோ வேறொரு கரிச்சானிடமோ கற்றதா என்னும் கேள்வி எழும். அதற்கு விடை காண, அப்பறவையின் பெயரைக் குறிப்பேட்டின் தலைப்பில் எழுதிக்கொண்டு, அதே மரத்தடிக்கு அடுத்த பருவத்திலும் செல்ல வேண்டும்.